கெடு தெரிந்த ஊர்: மாஞ்சோலையின் 99 வருடக் குத்தகை

கல்லிடைக்குறிச்சியில் இருந்து மணிமுத்தாறு போகிற சாலை அணையோடு முடிந்துவிட்டது என்றுதான் முதல் தடவை போகிறவர் நினைப்பார். அங்கிருந்துதான் மலை ஆரம்பம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பேர் எழுதிவிட்டு, அருவியைத் தாண்டியதும் பேருந்து முனகத் தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். கீழே அணைத் தண்ணீர் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கும் நேரத்தில் காற்று குளிர்ந்துவிடும். முதலில் வருவது மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியாகக் குதிரைவெட்டி. இந்த ஐந்தையும் சேர்த்துக் கீழே இருப்பவர்கள் மொத்தமாக மாஞ்சோலை என்பார்கள். மேலே இருப்பவரிடம் அப்படிச் சொன்னால், "நான் மாஞ்சோலை இல்ல, ஊத்து" என்று திருத்துவார்.

திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டாரம். உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில் இருந்து ஆயிரத்து நானூறு, ஐந்நூறு வரை. மேற்கே கேரள எல்லை, தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தின் மேல்கோதையாறு, சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நடுவில் பச்சைக் கம்பளத்தில் கத்தரி போட்டது போலத் தேயிலை.

எந்த ஊருக்கும் அது முடியும் நாளை யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. மாஞ்சோலைக்கு எழுதி வைத்திருந்தார்கள்: 2028 பிப்ரவரி 11. அந்த நாளுக்கு இன்னும் மூன்றரை வருடம் மிச்சமிருந்தபோதே, 2024 ஜூன் மாத நடுவில், தோட்டத்தில் வேலை நின்றது. அது எப்படி நடந்தது, யாருடைய கையில் என்ன காகிதம் இருந்தது, யாருக்கு எதுவுமே இல்லை என்பதுதான் இந்த ஆய்வு.

பத்திரம்

மலை சிங்கம்பட்டி ஜமீனுடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவுக்குச் சிங்கம்பட்டியார் படை உதவி செய்தார்கள், அதற்குப் பரிசாக வந்த காடு இது என்பது ஜமீன் வரலாறு. குத்தகைக்கு விட்ட கதைக்குச் சென்னையில் நடந்த ஒரு கொலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இளம் ஜமீன் வாரிசுகளை ஆங்கிலேய அரசு படிக்க வைத்திருந்த நியூயிங்டன் இல்லத்தின் தலைவர் டி லா ஹே, 1919 அக்டோபரில் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர் வாரிசு மேல் குற்றச்சாட்டு, சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவர். வழக்கு பம்பாய்க்குப் போய்க் கடைசியில் விடுதலையில் முடிந்தது. அந்த வழக்குச் செலவில் ஜமீன் கடனாளியாகி மலையைக் குத்தகைக்கு விட்டது என்று அம்பாசமுத்திரம் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் சரியோ, பத்திரம் தெளிவாக இருக்கிறது: 1929 பிப்ரவரி 12, 8,373.57 ஏக்கர், 99 ஆண்டுகள்.

எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். இது தேயிலைக்காகத் தொடங்கிய கம்பெனி கிடையாது. 1863ல் தொடங்கி, பர்மாவில் தேக்கு வெட்டிய கம்பெனி. கணக்குக்கு மேல் மரம் எடுத்துவிட்டார்கள் என்று மன்னர் திபாவின் அரசு அபராதம் போட, அந்தத் தகராறையே சாக்காக வைத்து 1885ல் பிரிட்டிஷ் படை மாண்டலேக்குள் நுழைந்தது. பர்மா கடைசி அரசரை இழந்தது. ஒரு ராஜ்ஜியமே கவிழக் காரணமான கம்பெனிக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் பெரிய விஷயமாக இருந்திருக்காது. பிற்பாடு அது வாடியா குழுமத்தின் கைக்கு வந்தது. காட்டைத் திருத்தித் தேயிலை, காப்பி, ஏலம் போட்டார்கள்.

1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். சிங்கம்பட்டி 1952ல் அரசிடம் போனது. (கடைசியாக முடிசூடிய ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020ல் காலமாகும் வரை, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் வந்து உட்காருவார். மக்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். அதிகாரம் போனாலும் அந்த நாற்காலி போகவில்லை.) ஜமீன் போனது, குத்தகை போகவில்லை. நிலச் சொந்தக்காரர் இடத்துக்கு ஜமீன்தாருக்குப் பதில் அரசு வந்தது, அவ்வளவுதான். கம்பெனியிடம் பத்திரம், அரசிடம் உரிமை.

செக்ரோல்

தொழிலாளியிடம் இருந்தது செக்ரோலில், அதாவது தோட்டத்தின் ஆள் பதிவேட்டில், ஒரு பெயர்.

தோட்ட வேலை தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். பெரட்டு என்பது ஆள் எண்ணிக்கை. கங்காணியோ சூப்பர்வைசரோ பெயர் கூப்பிட்டு, எந்தக் காட்டுக்கு யார் என்று பிரித்து விடுவார். அங்கே காடு என்றால் தேயிலைக் காடு, எண் போட்ட பகுதி. பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். முரட்டுத் தார்ப்பாய் மாதிரியான துணி. அது இல்லாமல் செடிக்குள் இறங்கினால் பத்து நிமிடத்தில் சேலை தொப்பலாகிவிடும், குச்சி வேறு தொடையைக் கிழிக்கும். ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதற்குக் கீழே முற்றிய இலை வந்தால் எடை போடும் இடத்தில் பேச்சு வாங்க வேண்டும். சாக்கில் கொழுந்து சேரச் சேர ஈரமும் சேரும். ஈரத்துக்கு எவ்வளவு எடை கழிப்பது என்பதில்தான் எல்லாத் தோட்டத்திலும் சண்டை.

மழையைச் சொல்லாமல் இந்த மலையைச் சொல்ல முடியாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே இங்கே பெய்யும். தமிழ்நாட்டு மழை அளவுப் பட்டியலில் அடிக்கடி முதலில் நிற்கிற ஊத்து, நாலுமுக்கு என்ற பெயர்கள் இந்தத் தோட்டத்தினுடையவைதான். 1992 நவம்பர் 13ஆம் தேதி கணக்கில் காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் பதிவானது. சமவெளியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தால்கூட அந்த அளவு வராத ஊர்கள் திருநெல்வேலி மாவட்டத்திலேயே உண்டு. அந்த மழைதான் கீழே தாமிரபரணியில் பெரு வெள்ளமாக வந்தது. மேலே அந்த மழையில் அட்டையும் சேர்ந்துகொள்ளும். காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு இறங்கினாலும் மத்தியானம் படங்கை அவிழ்க்கும்போது இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். லைன் வீடு: ஒட்டி ஒட்டி ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ல் வந்தது. வீடு, மருத்துவம், குடிநீர் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது. வீடு ஆளுக்கு இல்லை, வேலைக்கு. செக்ரோலில் பெயர் இருக்கும் வரை வீடு. 58 வயதில் ஓய்வு பெற்று பி.எஃப்., கிராஜுவிட்டி வாங்கியதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ பெயர் பதிந்தால் அந்த வீடு குடும்பத்தோடு தங்கும். நாற்பது வருடம் ஒரே திண்ணையில் உட்கார்ந்த மனிதருக்கு அந்தத் திண்ணை கிடைப்பதும் போவதும் அடுத்த தலைமுறையில் ஒருவர் கொழுந்து பறிக்க ஒத்துக்கொள்வதைப் பொறுத்தது. படித்த பிள்ளை திருநெல்வேலிக்கோ திருப்பூருக்கோ போக நினைத்தால், அவன் தன் வேலையோடு அப்பா அம்மாவின் வீட்டையும் சேர்த்தே முடிவு செய்கிறான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அரசின் வீட்டுமனைப் பட்டா, இலவச வீட்டுத் திட்டம் எதுவும் இந்த மலைக்கு ஏற முடியாது. குத்தகை நிலத்தில் யாருக்குப் பட்டா கொடுப்பது? முதலாளி பார்த்துக்கொள்வார் என்று அரசு ஒதுங்கியது, வேலை இருக்கும் வரைதான் என்று முதலாளி ஒதுங்கினார். தொழிலாளர்களில் பெரும்பாலோர் சமவெளியில் நிலமற்று இருந்த தாழ்த்தப்பட்ட சாதிக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். ஏறி வரும்போதும் கீழே அவர்களுக்கு நிலம் இல்லை. நான்கு தலைமுறை கழித்து இறங்கும்போதும் இல்லை.

ஆற்றங்கரை, 1999

மாஞ்சோலை என்ற பெயரை வெளியூர்க்காரர்களில் பலர் கேள்விப்பட்டதே 1999 ஜூலை 23க்குப் பிறகுதான். கூலி உயர்வு கேட்டுப் போராட்டம். அதற்கு முந்தைய மாதம் கைதான 652 தொழிலாளர்கள் சிறையில். அவர்களை விடுவிக்கவும் கூலியை உயர்த்தவும் கேட்டு, புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமி உள்ளிட்டோர் தலைமையில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அவர்களில் பெண்களும், கைக்குழந்தை ஒன்றும் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்து, 11 பேர் நீரில் மூழ்கியும் 6 பேர் காயங்களாலும் இறந்ததாகச் சொன்னது. அந்தக் கணக்கு பிரிப்பைப் படிக்கும் யாருக்கும் எழும் கேள்வி: அவர்களை ஆற்றுக்குள் இறங்க வைத்தது எது?

இப்போதும் ஒவ்வொரு ஜூலை 23லும் கட்சிக்காரர்கள் கொக்கிரகுளம் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். இந்த ஆய்வுக்கு முக்கியமான விஷயம் வேறு. அன்றைக்கு நடந்த பேச்சு முழுக்கக் கூலியைப் பற்றியது. குத்தகை முடிய இன்னும் இருபத்தெட்டரை வருடம் இருந்தது. வீடு யாருடையது என்ற கேள்வியை யாரும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. அன்றைக்கு இருந்த கோபத்துக்கும் கவனத்துக்கும் அது வந்திருந்தால் ஏதாவது எழுதி வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் இருந்து சொல்வது சுலபம், ஒத்துக்கொள்கிறேன்.

காடு கேட்கிறது

காட்டின் தரப்பையும் நேர்மையாக வைக்க வேண்டும், ஏனென்றால் அது பலமான தரப்பு. 1988ல் களக்காடு, முண்டந்துறை இரண்டு சரணாலயங்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. காக்காச்சியைச் சுற்றியுள்ள மழைக்காட்டில் ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் மர உச்சிக்கே ஏறி, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். வெடிப்பலா மரம் அங்கே நிறைய. அதன் முள் காயைப் பிய்த்துத் தின்னும் சிங்கவால் குரங்குக்கு உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. தரையில் இறங்கத் தயங்கும் அந்தக் குரங்குக்குத் தேயிலைக் காடு என்பது கடக்க முடியாத வெட்டவெளி.

மணிமுத்தாறும் மற்ற ஓடைகளும் இந்த மலையில் பிறந்து தாமிரபரணிக்குப் போகின்றன. கீழே தூத்துக்குடி வரை குடிக்கிற தண்ணீர் அது. அதனால் குத்தகை முடிந்தால் நிலம் காடாக வேண்டும் என்று சொல்பவர்களை வில்லன்களாகப் பார்க்க என்னால் முடியாது.

கம்பெனி நீதிமன்றப் படியேறியது, தோற்றது. 2018 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு சிங்கம்பட்டிக் காட்டைக் காப்புக்காடு என அறிவித்தது. குத்தகை நிலமான 3,388 ஹெக்டேரும் அதற்குள் அடக்கம். 2028க்குப் பிறகு நீட்டிப்பு கிடையாது என்பது அந்த வருடமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு புதுச் செடி நட எந்த முதலாளி பணம் போடுவார்? ஆள் எடுப்பதும் குறைந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த தொழிலாளர்கள் 2024க்கு வரும்போது ஐந்நூற்றுச் சொச்சம்.

2023 செப்டம்பரில் அரிக்கொம்பன் வந்தான். கேரளத்துச் சின்னக்கானலில் அரிசி தேடி வீடுகளை உடைத்ததால் பெயர் வாங்கிய யானை. அங்கிருந்து பெரியாறு, பெரியாறில் இருந்து கம்பம் என்று வந்தவனை அந்த ஜூனில் பிடித்து மேல்கோதையாறு காட்டில் விட்டிருந்தார்கள். அவன் நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் இறங்கி வாழையைச் சாய்த்துவிட்டுப் போனான். தன் ஊரில் இருந்து லாரியில் ஏற்றி வேறு மலையில் இறக்கப்பட்ட விலங்கு அது. அடுத்த வருடம் அதே மலைக்காரர்களுக்கு லாரி வந்தது.

2024

மே மாதம் விருப்ப ஓய்வு அறிவிப்பு வந்தது. ஜூன் நடுவோடு வேலை முடிவு, ஆகஸ்ட் 7க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விருப்ப ஓய்வு என்ற சொல்லில் விருப்பம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பணத்தில் 25 சதவீதம் கையெழுத்துப் போட்டதும், மிச்சம் 75 சதவீதம் வீட்டை ஒப்படைத்த பிறகு. அதாவது சாவியைக் கொடுத்தால்தான் முக்கால் பங்கு.

கணக்கைப் பாருங்கள். கீழே வாடகைக்கு வீடு பிடிக்க முன்பணம் வேண்டும். முன்பணத்துக்குப் பணம் வேண்டும். பணம் வர, இருக்கிற வீட்டை விட வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் இதெல்லாம். அப்புறம் ஐம்பது வயதில் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத பெண்ணுக்கு அம்பாசமுத்திரத்தில் என்ன வேலை? வயலில் நடவும் களையெடுப்பும் வருடத்தில் சில வாரம். பீடி சுற்றலாம், அதற்கும் சின்ன வயதிலேயே விரல் பழகியிருக்க வேண்டும்.

மக்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. முக்கியமான கோரிக்கை, தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவான டான்டீயே நட்டத்தில் இருந்தது. 2022ல் நீலகிரிப் பக்கம் தன்னிடம் இருந்த 2,152 ஹெக்டேரை அதுவே வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஒரு கையால் காட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிற நிறுவனம் இன்னொரு கையால் புலிகள் காப்பகத்துக்கு நடுவில் தோட்டம் வாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2024 டிசம்பர் 3ஆம் தேதித் தீர்ப்பு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளை அரசு செய்ய வேண்டும் என்றது. அரசு முன்வைத்தவை திருநெல்வேலியை ஒட்டிய ரெட்டியார்பட்டியில் அடுக்குமாடி வீடுகள், மணிமுத்தாறு பக்கம் மனை, தொழில் பயிற்சி, கடன்.

வன உரிமைச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம். பழங்குடி அல்லாதவர்கள் அதில் உரிமை கேட்க, 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர். குத்தகை 1929 பிப்ரவரி. முதல் ஆட்களோடு வந்த குடும்பம் என்று காட்ட முடிந்தவர்கள் இரண்டு வருடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் உள்ளே நிற்கலாம். ஆனால் தேதி மட்டும் போதாது, பிழைப்புக்குக் காட்டைச் சார்ந்திருக்கவும் வேண்டும். கம்பெனிச் சம்பளத்தில் இருந்தவர் காட்டைச் சார்ந்தவரா, தோட்டத்தைச் சார்ந்தவரா? அந்த வாதம் கரை சேரவில்லை.

எங்கே விட்டார்கள்

காப்பகத்தின் மையப் பகுதியில் ஒரு கிராமம் இருந்து, அது விருப்பத்தோடு வெளியேறினால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று தேசியத் திட்டம் இருக்கிறது. 2021ல் 10 லட்சத்தில் இருந்து உயர்த்தியது. அதற்கு நடைமுறை உண்டு, கிராம சபை உண்டு. மாஞ்சோலை அந்த வரையறையில் கிராமம் இல்லை. கோயில், சர்ச், பள்ளிக்கூடம், கடை, தேர்தலில் வாக்குச்சாவடி எல்லாம் இருந்தும், காகிதத்தில் அது ஒரு கம்பெனியின் வேலையிடம். வேலையிடத்தை மூடினால் ஆலை மூடல் மாதிரி பணம் கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். தவறு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நான்கு தலைமுறை பிறந்து செத்த இடத்தை ஊர் என்று பதிய யாருக்கும் அவசியம் வரவில்லை, ஏனென்றால் பதிந்தால் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

செய்திருக்கக்கூடியது கற்பனையான விஷயம் ஒன்றும் இல்லை. 2018ல் அறிவிக்கை வந்த அன்றே பத்து வருடக் கெடு கையில் இருந்தது. அந்தப் பத்து வருடத்தில் ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் கீழே மனையும் வீடும் என்று ஆரம்பித்திருந்தால், 2028ல் இறங்க மிச்சமிருப்பவர்கள் கொஞ்சம் பேராக இருந்திருப்பார்கள். இன்னொன்று, தேயிலையைக் காடாக்குவதும் வேலைதான். கிளை வெட்டும் கவ்வாத்து நின்றால் இடுப்பளவு தேயிலைச் செடி மரமாக வளரும். நடுவில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் அப்படியே நிற்கும். காலி இடத்தில் உண்ணிச்செடி புகும். சோலை தானாகத் திரும்பி வராது. வால்பாறையில் துண்டு துண்டாகக் கிடந்த மழைக்காட்டை மீட்க நாற்றங்கால் வைத்து, உள்ளூர் மரக்கன்று வளர்த்து, களை எடுத்து, வருடக்கணக்கில் இயற்கை பாதுகாப்பு நிறுவனம் ஒன்று பாடுபட்டிருக்கிறது. மாஞ்சோலையில் இதே வேலைக்கு ஆள் வேண்டும். சரிவில் நின்று செடியைக் கையாளத் தெரிந்த, எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று தெரிந்த ஐந்நூறு பேரைக் கீழே இறக்கி டெய்லரிங் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, அந்த வேலைக்கு வெளியில் இருந்து ஒப்பந்தக்காரரைக் கொண்டுவருவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இறங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் முகவரி மாற்றுவது. மாற்றிய பிறகு, மேலே கல்லறையில் இருக்கும் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கவோ கோயில் கொடைக்கோ போக நினைத்தால், மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் அவர் வெளியூர்க்காரர் கணக்கில்தான் வருவார். பேர், வண்டி எண், எதற்காகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்.